ஆயத்தொலைவும் ஒரு சுட்டுச்சொல்லே: கல்யாண்பூர், எவரெஸ்ட் கோளம், நம் வரைபடங்கள்

சென்ற ஆண்டு ஒரு பழைய நில அளவைத் தாளோடு சில வாரங்கள் போராட நேர்ந்தது. சாத்புரா மலைத்தொடரில் கோர்க்கு மொழி பேசும் ஊர்களை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த நிலையில் வரைபடத்தில் குறிக்க வேண்டியிருந்தது. தாளின் ஓரத்தில் அச்சிட்டிருந்த அட்ச, தீர்க்க மதிப்புகளைக் கொண்டு ஒவ்வோர் ஊரின் ஆயத்தொலைவையும் கணித்துச் செயற்கைக்கோள் படத்தின்மேல் இட்டுப் பார்த்தேன். ஓர் ஊர்கூட அதன் இடத்தில் இல்லை. எல்லாம் கிழக்கே நகர்ந்திருந்தன. அதுவும் ஒரே அளவாக, நான்கு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆற்றின் மேல்கரையில் இருக்க வேண்டிய ஊர்கள் கீழ்க்கரைக்குப் போயிருந்தன. ஆறே மொழியெல்லை என்று வாதிடும் கட்டுரை ஒன்றை அந்தப் படத்தை நம்பி எழுதியிருந்தால், வாதம் தலைகீழாகியிருக்கும்.

என் கணக்கில் பிழை இல்லை. தாளிலும் அச்சுப்பிழை இல்லை. தாளின் அடியில் சிறிய எழுத்தில் இருந்த குறிப்பை நான் படிக்கவில்லை என்பதே பிழை. அந்தத் தாளின் தீர்க்கங்கள் சென்னை வானாய்வகத்தின் பழைய தீர்க்க மதிப்பைச் சார்ந்தவை என்றும், அவற்றுக்குத் திருத்தம் தேவை என்றும் அது சொல்லியது. அந்த வரியிலிருந்து தொடங்கித் தேடியதன் விளைவே இப்பதிவு. மொழியியல், வரலாறு, தொல்லியல், சூழலியல் என எத்துறையில் வரைபடத்தைக் கையாளும் மாணவருக்கும் இது பயன்படும் என நினைக்கிறேன்.

முதலில் ஓர் இலக்கணச் செய்தி. தமிழில் அ, இ, உ மூன்றும் சுட்டு. "இங்கே" என்ற சொல்லுக்குத் தன்னளவில் பொருள் உண்டு. ஆனால் இடம் இல்லை. சொல்பவர் எங்கே நிற்கிறார் என்று தெரிந்தால்தான் "இங்கே" எது என்று தெரியும். ஆயத்தொலைவும் இப்படிப்பட்டதே. "21 பாகை 30 கலை வடக்கு, 77 பாகை கிழக்கு" என்பது ஓர் இடத்தின் பெயர் போலத் தோன்றுகிறது. உண்மையில் அது ஒரு சுட்டு. எங்கிருந்து அளந்தது, எந்த வடிவமுள்ள பூமியின்மேல் அளந்தது, எந்த அளவுகோலால் அளந்தது என்ற மூன்றும் தெரியாதவரை அது எந்த இடத்தையும் உறுதியாகக் காட்டாது. இந்த மூன்றுக்கும் விடைதரும் சட்டகத்தையே புவியளவையியலில் டேட்டம் என்கிறார்கள். டேட்டம் சொல்லாத ஆயத்தொலைவு, பேசுபவர் இல்லாத "இங்கே".

எங்கிருந்து அளப்பது என்ற கேள்வி இந்நாட்டுக்குப் புதிதன்று. சித்தாந்த வானியல் நூல்கள் உஜ்ஜயினி வழியாகச் செல்லும் தீர்க்கக்கோட்டை முதற்கோடாகக் கொண்டன. அக்கோடு நிலநடுக்கோட்டை வெட்டும் இடத்தை இலங்கை என்றன. அது கணிதத்துக்காகக் கற்பித்த புள்ளி, இன்றைய இலங்கைத் தீவு அன்று. ஓர் ஊரில் கோள்நிலை கணிப்பவர், உஜ்ஜயினிக் கோட்டிலிருந்து தம் ஊர் எவ்வளவு கிழக்கு அல்லது மேற்கு என்பதற்கேற்பத் தேசாந்தரத் திருத்தம் செய்தார். கிரீன்விச்சுக்கு நாம் இன்று செய்வது இதே வேலைதான். கி.பி. 499ஐச் சார்ந்த தம் நூலில் ஆரியபடர் பூமியின் விட்டத்தை 1050 யோசனை என்றார். எண் தெளிவாக இருக்கிறது. ஆனால் அவருடைய யோசனை இன்றைய அளவில் எவ்வளவு என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. ஆகவே அவருடைய பூமி எவ்வளவு பெரியது என்பதை நாம் ஊகிக்கத்தான் முடிகிறது. எண் பிழைத்திருக்கிறது, அளவுகோல் தொலைந்துவிட்டது. பதினைந்து நூற்றாண்டுகளுக்குப் பிறகு இதே கதை ஆங்கிலேய அடிக்கும் நேரும் என்பதைச் சற்றுப் பின்னர்ப் பார்ப்போம்.

இன்றைய இந்திய வரைபடத்தின் வரலாறு 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலை அருகே தொடங்குகிறது. வில்லியம் லாம்டன் அன்று ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் ஏழரை மைல். அளந்த கருவி நூறடி எஃகுச் சங்கிலி. முக்கோண அளவையின் தத்துவம் எளிது. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களைக் கணிக்கலாம். கணித்த பக்கத்தை அடுத்த முக்கோணத்துக்கு அடியாகக் கொள்ளலாம். இப்படி மலையிலிருந்து மலைக்கும், கோபுரத்திலிருந்து கோபுரத்துக்கும் கோணங்களை மட்டும் அளந்துகொண்டே நாடு முழுவதையும் வலைபோல் மூடிவிடலாம். நிலத்தில் நேராக அளக்க வேண்டியது தொடக்கத்தில் ஒரு கோடு. பிழை சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க இடையிடையே சில கோடுகள்.

கோணம் அளக்க லாம்டனிடம் இருந்த பெரிய தியோடலைட்டின் எடை அரை டன். அதைச் சுமந்து சென்றவர்கள் கூலியாட்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின்மேல் அதை ஏற்றும்போது கயிறு நழுவி, கருவி கல்லில் மோதி அதன் வட்டம் சிதைந்தது. லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு ஆறு வாரங்கள் உழைத்து அதைத் தம் கையாலேயே சீர்செய்தார். 1823இல் மத்திய இந்தியாவின் இங்கன்காட்டில் அவர் இறந்தபோது, அவருடைய முக்கோணச் சங்கிலி தெற்கு முனையிலிருந்து வடக்கே நெடுந்தூரம் வந்திருந்தது.

இந்த உழைப்பின் நோக்கம் வரியும் படையும் மட்டுமன்று. நியூட்டனுக்குப் பிறகு பூமி சரியான கோளம் அன்று, துருவங்களில் தட்டையானது என்பது கொள்கையளவில் ஏற்கப்பட்டிருந்தது. 1730களில் பிரெஞ்சு அறிஞர்கள் லாப்லாந்திலும் பெருவிலும் அளந்து அதை உறுதிசெய்தனர். ஒரு பாகை அட்சத்தின் நீளம் நிலநடுக்கோட்டருகே ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர், துருவத்தருகே ஏறத்தாழ 111.7 கிலோமீட்டர். எவ்வளவு தட்டை என்பதைத் துல்லியமாகச் சொல்ல, நீண்ட வடக்கு–தெற்கு வில் ஒன்றை அளக்க வேண்டும். லாம்டன் தொடங்கி, அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் 1841இல் முடித்த பெருவில், குமரிமுனைப் பகுதியிலிருந்து இமயத்தின் அடிவாரம் வரை ஏறத்தாழ 2400 கிலோமீட்டர் நீண்டது.

அந்த அளவைப் பணியின் முற்பகுதியிலிருந்து எவரெஸ்ட் கணித்த பூமி, 1830ஐ ஒட்டிய அவருடைய கணக்கு என்பதால், இன்றும் "எவரெஸ்ட் 1830" எனப்படுகிறது. அதன் நிலநடுக்கோட்டு ஆரம் 2,09,22,931.80 அடி, தட்டைமை 300.8017இல் ஒரு பங்கு. சுழலும் நீள்வட்டத்தால் உருவாகும் இத்தகைய வடிவத்தை எலிப்சாய்டு என்கிறோம். இன்று ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 எலிப்சாய்டோடு ஒப்பிட்டால், எவரெஸ்ட்டின் பூமி ஆரத்தில் ஏறத்தாழ 860 மீட்டர் சிறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கருவிகளைக் கொண்டு, உலகின் ஒரு துண்டை மட்டும் அளந்து பெற்ற விடை இது. குறை என்பதைவிட வியப்பு என்பதே பொருத்தம்.

வடிவம் கிடைத்தாயிற்று. அதை எங்கே பொருத்துவது? எவரெஸ்ட் தேர்ந்தது மால்வாவில் சிரோஞ்சுக்கு அருகிலுள்ள கல்யாண்பூர் என்னும் சிற்றூரை. நாட்டின் நடுவில், பெரிய மலைகளின் ஈர்ப்பிலிருந்து விலகிய இடம் என்பது காரணம். கல்யாண்பூரின் அட்சம் 24 பாகை 7 கலை 11.26 விகலை என வானியல் முறையில் பெற்ற மதிப்பை அடிப்படையாகக் கொண்டு, அங்கிருந்து மற்ற எல்லா ஊர்களையும் முக்கோண வலை வழியே கணித்தார்கள். பழைய உஜ்ஜயினியிலிருந்து கல்யாண்பூர் ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். சித்தாந்திகளும் கம்பெனியின் அளவையாளர்களும் ஒரே மால்வாப் பீடபூமியில் தம் முளைக்குச்சியை நட்டது தற்செயல்தான். ஆனாலும் துணைக்கண்டத்தின் நடுவைத் தேடுபவர் இருவரும் அப்பக்கம் போய்ச் சேர்ந்தது ஆராய்ச்சி மாணவருக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

தீர்க்கம் வேறு கதை. அட்சத்தைச் சூரியனையும் விண்மீனையும் பார்த்து அங்கேயே அளந்துவிடலாம். தீர்க்கம் என்பது கிரீன்விச்சின் நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் உள்ள வேறுபாடு; கிரீன்விச்சில் இப்போது மணி என்ன என்பது இங்கே தெரிய வேண்டும். நுங்கம்பாக்கத்தில் 1792இல் அமைந்த சென்னை வானாய்வகத்தார், வானில் நிகழ்பவற்றை நோக்கி அந்த வேறுபாட்டைக் கணித்தனர். அந்தச் சென்னை மதிப்பையே இந்திய அளவை முழுவதும் சார்ந்திருந்தது. கல்யாண்பூரின் தீர்க்கம் 77 பாகை 41 கலை 44.75 விகலை என்று ஆனது அப்படித்தான். 1890களில் தந்திக்கம்பி வழியே நேரத்தை நேரடியாக ஒப்பிட முடிந்தபோது, பழைய மதிப்பு 2 கலை 27.18 விகலை அதிகம் எனத் தெரிந்தது. திருத்திய மதிப்பு 77 பாகை 39 கலை 17.57 விகலை. நேரத்தில் சொன்னால் இந்தப் பிழை பத்து நொடிக்கும் குறைவு. நிலத்தில் அது நான்கு கிலோமீட்டருக்கு மேல். என் கோர்க்கு ஊர்கள் ஆற்றைக் கடந்தது இந்தப் பத்து நொடியால்தான்.

இங்கே மொழியியலாளர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புதிய தீர்க்கம் வரைபடங்களில் இடம்பெறத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில். கிரியர்சனின் இந்திய மொழி அளவாய்வுத் தொகுதிகள் வெளிவந்ததோ 1903 முதல் 1928 வரை. அக்காலத் தாள்களில் திருத்தம் பெற்றவையும் பெறாதவையும் கலந்திருக்கக்கூடும். ஒவ்வொரு தாளையும் தனித்தனியே சோதிக்காமல் அக்காலப் படங்களை இன்றைய அடித்தளத்தின்மேல் ஒட்டுவது ஆபத்து.

தீர்க்கத்தைத் திருத்திய பிறகும் என் ஊர்கள் முழுமையாகப் பொருந்தவில்லை. இன்னும் நூறு மீட்டருக்கு மேல் விலகல் இருந்தது. இது பிழையன்று, இரண்டு பூமிகளுக்கு இடையிலான தூரம். எவரெஸ்ட்டின் எலிப்சாய்டு இந்திய நிலத்துக்குப் பொருந்துமாறு அமைந்தது. அதனால் அதன் மையம் பூமியின் உண்மையான நிறைமையத்திலிருந்து ஏறத்தாழ எண்ணூறு மீட்டர் தள்ளி இருக்கிறது. டபிள்யூ.ஜி.எஸ். 84 உலகு முழுமைக்கும் பொருந்த, நிறைமையத்தையே தன் மையமாகக் கொண்டது. ஒரே ஊருக்கு இரண்டிலும் வெவ்வேறு ஆயத்தொலைவு வருவது இயல்பு. விலகலின் அளவும் திசையும் இடத்துக்கு இடம் மாறும்; ஆகவே "இவ்வளவு நகர்த்தினால் போதும்" என்று நாடு முழுவதற்கும் ஒரே எண்ணைச் சொல்ல முடியாது.

பூமியின் வடிவம் பற்றிய இக்கதையில் ஒரு பிழை அறிவாக மாறிய தருணமும் உண்டு. கல்யாண்பூருக்கும், அதற்கு வடக்கே கங்கைச் சமவெளியில் உள்ள கலியானாவுக்கும் இடைப்பட்ட அட்ச வேறுபாட்டை இரண்டு வழிகளில் கண்டார்கள். முக்கோண அளவை 5 பாகை 23 கலை 42.294 விகலை என்றது. விண்மீன் நோக்கு 5 பாகை 23 கலை 37.058 விகலை என்றது. வேறுபாடு 5.236 விகலை; நிலத்தில் ஏறத்தாழ 160 மீட்டர். எவரெஸ்ட் இதை அளவைப் பிழையாகவே கொண்டு பகிர்ந்து தீர்த்தார். கல்கத்தாவில் கிறித்தவ சமயப் பணியாற்றிய ஜான் பிராட் வேறுவிதமாக எண்ணினார். விண்மீன் நோக்குக் கருவியின் செங்குத்தைத் தீர்மானிப்பது தூக்குக்குண்டு. இமயமலையின் நிறை அந்தக் குண்டைத் தன்பக்கம் இழுக்கும்; கலியானாவில் மிகுதியாக, கல்யாண்பூரில் குறைவாக. அப்படியானால் எவ்வளவு இழுக்கும்? கண்ணுக்குத் தெரியும் மலைகளின் நிறையைக் கணக்கிட்ட பிராட்டுக்கு 1855இல் கிடைத்த விடை 15.885 விகலை. அளந்ததைவிட மூன்று மடங்கு!

மலை இருக்கிறது, ஆனால் அதன் இழுப்பு அவ்வளவு இல்லை. அதே ஆண்டில் ஜார்ஜ் ஏரி ஒரு விளக்கம் தந்தார்: மலைக்குக் கீழே, அடர்த்தி குறைந்த பாறையாலான வேர் ஒன்று ஆழத்தில் இறங்கியிருக்க வேண்டும், நீரில் மிதக்கும் கட்டை போல மலை மிதக்கிறது. பிராட் பின்னர், மலைக்கடியிலுள்ள பாறையே அடர்த்தி குறைந்தது என வேறொரு விளக்கம் தந்தார். சமநிலைக் கோட்பாடு என்று இன்று புவியியற்பியல் மாணவர் படிப்பது இந்த ஐந்து விகலையிலிருந்து முளைத்தது. எவரெஸ்ட் அந்த எண்ணைத் தம் பட்டியலில் மறைக்காமல் பதிந்து வைத்ததால்தான் பிராட்டுக்கு அது கிடைத்தது. பொருந்தாத எண்ணை அழிக்காமல் வைப்பதும் ஆய்வறம்.

இனி அளவுகோல். எவரெஸ்ட் தம் ஆரத்தைச் சொன்னது இந்திய அடியில். எந்த அடி? பித்தளை, இரும்புக் கோல்களோடு ஒப்பிட்டு நிலைநாட்டிய அந்த அடிக்கும் மீட்டருக்கும் உள்ள உறவு காலந்தோறும் வெவ்வேறாக மதிப்பிடப்பட்டது. ஓர் அடியை 0.30479841 மீட்டர் எனக் கொண்டால் ஆரம் 63,77,276.345 மீட்டர். 0.3047996 எனக் கொண்டால் 63,77,301.243 மீட்டர். இன்றைய பன்னாட்டு அடியான 0.3048 எனக் கொண்டால் 63,77,309.613 மீட்டர். மூன்றும் "எவரெஸ்ட் 1830"தான். மூன்றும் வெவ்வேறு நாட்டு வழக்குகளிலும் மென்பொருள்களிலும் இன்றும் உலவுகின்றன. அடி மதிப்பில் ஆறாம், ஏழாம் தசம இடத்து வேறுபாடு, பூமியின் ஆரத்தில் முப்பது மீட்டர் ஆகிவிடுகிறது. ஆரியபடரின் யோசனைக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது, மிகச் சிறிய அளவில். எண்ணை எடுத்து எழுதுவது எளிது. அதன் அலகை ஒரு காலத்திலிருந்து இன்னொரு காலத்துக்கு மொழிபெயர்ப்பதுதான் கடினம்.

இத்தனை எண்களையும் கணித்தவர்கள், சுமந்தவர்கள் யார்? ஆர்க்காட்டைச் சேர்ந்த நகைத்தொழிலாளரான சையத் மீர் மோசின் உசேன், அளவைப் பணியின் கணிதக்கருவிகளைச் செப்பம் செய்யும் பொறுப்புக்கு உயர்ந்தார். கல்கத்தாவின் ராதாநாத் சிக்தார் 1831இல் கணிப்பாளராகச் சேர்ந்து, தலைமைக் கணிப்பாளரானார். பதினைந்தாம் சிகரம் என எண்ணிட்டிருந்த மலையின் உயரத்தைக் கணித்து அதுவே உலகின் உச்சி எனக் காண்பதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1856இல் 29,002 அடி என அறிவித்த ஆண்ட்ரூ வா, அச்சிகரத்துக்குத் தம் முன்னவர் எவரெஸ்ட்டின் பெயரைச் சூட்டப் பரிந்துரைத்தார். நில அளவைக் கையேட்டின் முதற்பதிப்புகளின் முன்னுரையில் சிக்தாரின் பங்குக்கு நன்றி சொல்லியிருந்தது. அவர் 1870இல் இறந்தபின், 1875இல் வந்த பதிப்பில் அந்நன்றி நீக்கப்பட்டது.

சிக்தாரைக் கணிதத்துக்காக மட்டும் நினைப்பது போதாது. 1843இல் டேராடூனில், அளவைத் துறைத் தொழிலாளர்களை ஆங்கிலேய அதிகாரி கூலியின்றிச் சுமைதூக்க வைத்ததை எதிர்த்து நின்று, அதற்காக 200 ரூபாய் அபராதமும் கட்டினார். கங்கைச் சமவெளியில் மலைகள் இல்லாததால் முக்கோண முனைகளுக்காகக் கோபுரங்கள் கட்டப்பட்டன. பார்வைக்கோட்டை மறித்த மரங்கள் வெட்டப்பட்டன. சில இடங்களில் குடியிருப்புகளும் இடிக்கப்பட்டன. காய்ச்சலால் இறந்த கொடிக்காரர்களுக்கும் சுமைக்காரர்களுக்கும் பெயர்ப்பட்டியல் இல்லை. ஆயத்தொலைவின் தசமப் புள்ளிக்குப் பின்னுள்ள ஒவ்வோர் இலக்கமும் யாரோ ஒருவருடைய தோளில் ஏறி வந்தது.

பூமியின் வடிவமும் இடமும் நிலைபெற்ற பிறகுதான் தாளின் சிக்கல் தொடங்குகிறது. வளைந்த பரப்பைத் தட்டையான தாளில் மாற்றும் கணித முறையே கோட்டுச்சட்டம். பரப்புகளின் வளைவு பற்றி 1827இல் காஸ் நிறுவிய தேற்றத்தின்படி, கோளப்பரப்பை நீட்டாமல், சுருக்காமல் தட்டையாக்க இயலாது. அவரும் ஹானோவர் நாட்டில் முக்கோண அளவை நடத்தியவர் என்பது குறிப்பிடத்தக்கது. ஆகவே எல்லாக் கோட்டுச்சட்டமும் எதையோ விட்டுக்கொடுக்கும். எதை விட்டுக்கொடுப்பது என்பதே தேர்வு. மெர்கேட்டர் கோணத்தைக் காக்கிறது, பரப்பைக் கைவிடுகிறது. அதில் கிரீன்லாந்து இந்தியாவைவிடப் பன்மடங்கு பெரிதாகத் தெரியும். உண்மையில் இந்தியாவின் பரப்பு ஏறத்தாழ 33 லட்சம் சதுர கிலோமீட்டர், கிரீன்லாந்தின் பரப்பு 22 லட்சத்துக்கும் குறைவு. நம் நில அளவைத் தாள்களுக்கு நெடுங்காலம் பயன்பட்ட பல்கூம்புச் சட்டம், ஒவ்வோர் அட்சக்கோட்டுக்கும் தனிக்கூம்பைக் கற்பிக்கிறது. ஒரு தாளுக்குள் உருக்குலைவு மிகக் குறைவு. ஆனால் பல தாள்களை ஒரே மேசையில் சேர்த்துப் பரப்பினால் எல்லா ஓரங்களும் இடைவெளியின்றிப் பொருந்தா. படைத்துறைக் கட்டங்களுக்குப் பயன்பட்ட லாம்பெர்ட் கூம்புச் சட்டம் கோணத்தைக் காக்கிறது.

மாணவர் பலர் ஒரு மொழி பேசப்படும் பரப்பைக் கைப்பேசி வரைபடத்தின்மேல் நிறம் பூசி ஒப்பிடுவதைப் பார்க்கிறேன். அந்த அடித்தளம் மெர்கேட்டர் வகையைச் சார்ந்தது. குமரியைவிட லடாக்கைப் பெரிதாக்கிக் காட்டும். பரப்பை ஒப்பிட வேண்டுமானால் பரப்பைக் காக்கும் சட்டத்தையே எடுக்க வேண்டும். ஆல்பர்ஸ் கூம்புச் சட்டம் அத்தகையது. கோட்டுச்சட்டத் தேர்வை அழகியல் தேர்வாக எண்ணுபவர், தம் வாதத்தின் ஒரு பகுதியை மென்பொருளிடம் விட்டுவிடுகிறார்.

2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை, பொதுப் பயன்பாட்டுக்கான திறந்த வரிசைத் தாள்களை டபிள்யூ.ஜி.எஸ். 84 டேட்டத்திலும் யு.டி.எம். கோட்டுச்சட்டத்திலும் அமைத்தது. அச்சட்டம் உலகை ஆறு பாகை அகலமுள்ள மண்டலங்களாகப் பிரிக்கிறது. டெல்லி 43ஆம் மண்டலத்திலும் சென்னை 44ஆம் மண்டலத்திலும் விழுகின்றன. மண்டல எண்ணைச் சொல்லாமல் மீட்டர் மதிப்பை மட்டும் கொடுத்தால், அது எந்த மண்டலத்திலும் ஓர் இடத்தைக் காட்டும். மீண்டும் பேசுபவர் இல்லாத "இங்கே".

எல்லாவற்றையும் செயற்கைக்கோள் தீர்த்துவிட்டதா? உயரத்தைக் கேட்டுப் பாருங்கள். எலிப்சாய்டு கணித வடிவம். கடல்மட்டம் ஈர்ப்பைப் பின்பற்றும் ஒழுங்கற்ற வடிவம். பின்னதை ஜியாய்டு என்கிறோம். உலகில் ஜியாய்டு மிகவும் தாழ்ந்திருப்பது இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில். அங்கே அது எலிப்சாய்டுக்கு நூறு மீட்டருக்கும் மேல் கீழே உள்ளது. அதனால் சென்னைக் கடற்கரையில் நின்று திருத்தாத ஜி.பி.எஸ். உயரத்தைப் படித்தால், நாம் ஏறத்தாழ தொண்ணூறு மீட்டர் ஆழத்தில் நிற்பதாக அது சொல்லும். கருவி பொய் சொல்லவில்லை. அது கடலிலிருந்து அளக்கவில்லை, அவ்வளவே. இந்திய உயர அளவைக்கு அடிப்படையோ, 1909ஐ ஒட்டி ஒன்பது துறைமுகங்களின் ஓதமானிப் பதிவுகளிலிருந்து பெற்ற சராசரிக் கடல்மட்டம்.

நிலமும் நிற்பதில்லை. இந்தியப் புவித்தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. நாற்பது ஆண்டுகளில் இரண்டு மீட்டர். எனவே மிகத் துல்லியமான ஆயத்தொலைவுக்கு "எங்கே" மட்டும் போதாது. "எப்போது" என்ற தேதியும் வேண்டும். லாம்டன் பரங்கிமலையில் அடிக்கோடு இட்ட நிலம், இந்த இரு நூற்றாண்டுகளில் பத்து மீட்டருக்கு மேல் நகர்ந்துவிட்டது.

பழைய உ என்னும் சுட்டு தமிழ்நாட்டுப் பேச்சில் மறைந்துவிட்டது. ஈழத்தமிழில் "உவன்", "உது" என இன்னும் வாழ்கிறது. ஒரு சுட்டுமுறை எந்தக் காலத்தது, எவருடையது என்று கேட்காமல் நாம் ஒரு சொல்லையும் விளக்குவதில்லை. வரைபடத்துக்கும் அதே மரியாதையைத் தர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். தாளை எண்மமாக்கும்முன் அதன் ஓரக்குறிப்புகளை முழுதாகப் படியுங்கள். டேட்டம், எலிப்சாய்டு, கோட்டுச்சட்டம், மண்டலம், ஆண்டு ஆகிய ஐந்தையும் தரவின் ஒவ்வொரு வரிசையோடும் எழுதி வையுங்கள். வரைபடம் தரும் ஆய்வேட்டில் இவ்வைந்தும் இல்லையெனில் வழிகாட்டிகள் கேளுங்கள். விலகிய புள்ளி கிடைத்தால் கையால் இழுத்து ஊரின்மேல் பொருத்திவிடாமல், ஏன் விலகியது எனத் தேடுங்கள்.

என் ஊர்கள் இப்போது ஆற்றின் மேல்கரைக்கே திரும்பிவிட்டன. மொழியெல்லை பற்றிய என் கருத்து இன்னும் முடிவாகவில்லை. ஆனால் அது பத்து நொடிப் பிழையின்மேல் நிற்காது என்ற அளவில் நிம்மதி.